மிச்சச் சன்னங்கள்

நாலாம் நம்பர் தோட்டா ஒன்றைப் பிரித்துக் கொட்டினால் உள்ளே நூற்றெழுபது சொச்சம் ஈயச் சன்னங்கள் இருக்கும். பொன்னையா இதை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைவெட்டி இல்லாத ஒரு மழைநாளில் சோற்றுத் தட்டில் கொட்டி, விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். நூற்று எழுபத்து நாலு. அதே மாதிரி இன்னொரு தோட்டாவைச் சுட்டபோது அதில் நாலே நாலுதான் கஜதீபனின் ட்ரோனில் பட்டன. மிச்சம் நூற்று எழுபதும் எங்கே போயின என்று நரிப்பாறைத் தோட்டத்தில் இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. யாரும் கேட்காதவரை தப்பித்தோம் என்றுதான் அவரும் முதலில் நினைத்துக்கொண்டிருந்தார்.

நரிப்பாறை, லிந்துலைக்கு மேலே ஏறிப் போனால் வருகிற தோட்டம். பொன்னையாவுக்கு அங்கே காவல் வேலை, முப்பத்தோரு வருஷமாக. காட்டுப்பன்றி வந்து கன்றுத் தேயிலையைக் கிண்டிப் போடாமல் இரவில் சுற்றிவர ஒரு பன்னிரண்டு போர் துவக்கு. துவக்கு தோட்டத்துக்குச் சொந்தம், பெருமை பொன்னையாவுக்குச் சொந்தம். காலை எட்டு மணிக்கு ஆபீசில் துவக்கை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார். பெருமையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டே வீட்டுக்குப் போவார்.

பெருமைக்குக் காரணம் பன்றி இல்லை. பன்றியை யாரும் சுடலாம். பொன்னையா பறக்கிறதைச் சுடுவார். வாலிப வயதில், இன்னும் அதற்கெல்லாம் தடை வராத காலத்தில், தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்குக் காட்டிலிருந்து வரும் புறாக்களை ஆகாயத்திலேயே மடக்கியிருக்கிறார். அந்தப் பேச்சு இருபது வருஷம் பழசானாலும் அவர் அதை ஆறவிடுவதில்லை. யாராவது வாய் கொடுத்தால் போதும், பாடம் ஆரம்பித்துவிடும். உர பேக்கைப் பிரித்துக் கம்பில் கட்டித் தொங்கவிட்டு, பத்துப் பத்து கெஜமாகத் தள்ளி நின்று சுட்டு, ஓட்டையை எண்ணிப் பார்த்த ஆள் அவர். பத்துக் கெஜத்தில் சன்னம் எல்லாம் ஒரு சோற்றுத் தட்டுக்குள் அடங்கும். இருபதில் கொழுந்துக் கூடையின் வாய் அளவுக்கு விரியும். நாற்பதில் இரண்டரை முழம். நாற்பது கெஜம்வரைக்கும் புறாவுக்குத் தப்ப வழியில்லை. ஐந்தாறாவது உடம்பில் ஏறிவிடும். ஐம்பதைத் தாண்டினால் சன்னத்துக்கும் சன்னத்துக்கும் நடுவே ஒரு புறா சாவகாசமாகப் புகுந்து போகலாம்.

"அம்பதுக்கு மேல வெறும் மழைதாங்க" என்பார். "சத்தம் பெருசா இருக்கும், பறவ சிரிச்சிக்கிட்டே போயிரும்."

அந்த மழை எங்காவது விழத்தானே வேண்டும் என்பதை அந்தப் பாடத்தில் அவர் ஒருநாளும் சேர்த்ததில்லை. புறா சுட்ட காலத்தில் பின்னால் வெறும் ஆகாயந்தான் இருந்தது.

ட்ரோன் வந்தது பங்குனியில். போன கார்த்திகை மழையில் மேல்கணக்கில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே மலை வெடித்து நீளமாக ஒரு பிளவு ஓடியிருந்தது. லயத்தை எங்கே தள்ளிக் கட்டலாம் என்று பார்க்க அளவைக்காரர்கள் வந்தார்கள். அவர்களோடு ட்ரோன் பறக்கவிட வந்த பையன்தான் கஜதீபன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இருபத்தாறு வயது. மரியாதையான பையன். ஆபீசில் போய், எந்த நேரத்தில் எந்த மலைக்கு மேலே பறக்கும் என்று எழுதிக் கொடுத்தான். ஆபீசில் அதை வாங்கி மேசையில் வைத்தார்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் கொழுந்துக்காரப் பெண்களிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தேயிலை மலையில் வேலை செய்கிறவர்களுக்குத் தலைக்கு மேலே 'ஙொய்' என்று ஒரு சத்தம் கேட்டால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான். குளவி. பெரிய மலைத்தேனீயைத்தான் தோட்டத்தில் அப்படிச் சொல்வார்கள். யோசிக்கவெல்லாம் நேரம் எடுக்காது, கால் தானாக ஓடும். முதல் நாள் ட்ரோன் ஏழாம் நம்பர் மலைக்கு மேலே வந்ததும் இருபத்திரண்டு பெண்களும் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஜெயந்தினி என்கிற பெண் தண்ணி வடியும் கானுக்குள் விழுந்து மணிக்கட்டு பிசகியது. பிறகு அது குளவி இல்லை, மிசின் என்று தெரிந்து சிரித்தார்கள். ஆனால் இரண்டாம் நாளும் ஓடினார்கள். தெரிந்துகொண்டே ஓடுவது இன்னும் கேவலமாக இருந்தது அவர்களுக்கு.

எல்லோரையும்விட அதிகமாக நடுங்கியது பேச்சியம்மா. பொன்னையாவின் ஒரே தங்கச்சி. இரண்டு வருஷத்துக்கு முன் குளவி கொட்டி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். இன்னொரு தடவை அந்த அளவுக்குக் கொட்டினால் தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அன்று சாயந்தரம் அண்ணன் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஏழாம் நம்பர் மேட்டுல டர்பண்டைன் மரத்துல எம்மாம் பெரிய கூடு தொங்குது. நீங்களே மூணு தடவ ஆபீசுல சொல்லிட்டீங்க. இந்த மிசினு போயி அத ஒருநா கெளப்பிவிட்றப் போகுது."

"அது கூட்டுக்குக் கிட்ட போகாது புள்ள. பாத்துத்தான் விடுறான் அந்தத் தம்பி."

"போகாதுன்னு நீங்க சொல்றீங்க. எனக்குக் காலு நடுங்குதே. ஒங்க கையிலதான் துவக்கு இருக்கே. பறக்குறதெல்லாம் சுடுவேன்னு சொல்லுவீங்க, இத ஒன்னும் பண்ண முடியாதா?"

அவள் பாதி விளையாட்டாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்கூட. ஆனால் பொன்னையாவுக்கு உள்ளே எங்கோ பழைய சங்கதி ஒன்று எழுந்து உட்கார்ந்துகொண்டது. தங்கச்சி பயப்படுகிறாள் என்பது ஒரு காரணம், உண்மைதான். ஆனால் அதுமட்டும்தான் காரணம் என்று அவர் பிறகு எத்தனையோ இரவு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தும் மனசு ஒப்பவில்லை. இருபது வருஷமாக வாயால் சுட்டுக்கொண்டிருந்த ஆளுக்கு ஆகாயத்தில் ஒரு குறி கிடைத்திருந்தது. அதுதான் நிஜம்.

பன்றிக்குப் போகிறவருக்குப் பெரிய குண்டு போட்ட தோட்டாதான் வேண்டும். மறுநாள் காவலுக்குக் கிளம்பும்போது, அலமாரியில் பல நாளாகக் கிடந்த நாலாம் நம்பர் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பன்றிக்கு அது எதற்கு? அதைக் கையில் எடுத்த கணத்திலேயே முடிவு செய்தாகிவிட்டது. கோபத்தில் நடந்தது, அவசரத்தில் நடந்தது என்று சொல்லவும் இடமில்லாமல் போனது அதனால்தான்.

விடிந்து ஏழரை இருக்கும். காவல் முடிந்து ஏழாம் நம்பர் அடிவாரப் பாதையில் வந்துகொண்டிருந்தார். மலையில் பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே பாதிக்கு மேல் பனி மூடியிருந்தது. டர்பண்டைன் மரங்கள் இருக்கிற இடமே தெரியவில்லை, ஒரே வெள்ளை. அந்த வெள்ளைக்கு முன்னால் ட்ரோன் வந்து நின்றது.

நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். பறக்கிற புறாவைச் சுடுவதென்றால் அதற்கு முன்னால் எவ்வளவு தூரம் விட்டுச் சுட வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும். அதில்தான் சாமர்த்தியம். இது ஆணியடித்த மாதிரி ஆகாயத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. கீழே பெண்கள் இரண்டு மூன்று பேர் கூடையை இறக்கிவிட்டுத் இடுப்பில் கட்டும் படங்குத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டார்கள். பேச்சியம்மா நிரையின் ஓரத்தில் குந்திக்கொண்டு அண்ணன் வருவதைப் பார்த்தாள். கையை ஆட்டினாள்.

பொன்னையா தோட்டாவை மாற்றிப் போட்டார். தூரம் பார்க்க அவருக்கு ஒரு வழி உண்டு. புறாவின் கால் கண்ணுக்குத் தெரிந்தால் நாற்பது கெஜத்துக்குள். தெரியாவிட்டால் சுடாதே. ட்ரோனின் கால்கள் இரண்டும் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் புறாவின் கால் விரல் அளவு, ட்ரோனின் கால் முழங்கை அளவு. அது அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை. நாற்பது என்று நினைத்துச் சுட்டார். பிறகு காலால் அளந்து பார்த்தபோது அறுபதுக்குக் கிட்ட இருந்தது. அவர் கணக்குப்படியே அது வெறும் மழை பெய்கிற தூரம்.

அந்த மழையில் நாலு துளி ட்ரோனில் பட்டது. அதன் ஒரு இறக்கை சிதறி, சுற்றிக்கொண்டே வந்து தேயிலைக்குள் விழுந்தது. பெண்கள் கைதட்டினார்கள். யாரோ விசில்கூட அடித்தார்கள். பொன்னையாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தது மிஞ்சிப் போனால் நாலைந்து நொடி. அதற்குள் பனிக்குள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. இந்தத் தடவை மிசின் இல்லை.

ட்ரோனுக்கு நேர் பின்னால், பனிக்குள், இன்னும் முப்பது கெஜம் தள்ளி அந்த மரம் இருந்தது. தொண்ணூறு கெஜத்தில் நாலாம் நம்பர் சன்னம் ஆளைக் கொல்லாது, புறாவைக்கூடக் கொல்லாது. மெழுகுக் கூட்டைத் துளைக்க அதற்குத் தெம்பு போதும். அவர் மூன்று தடவை ஆபீசில் போய்ச் சொன்ன அதே கூடு. கண் கட்டிவிட்டாலும் அது எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்டக்கூடியவர் அவர். அன்றைக்குப் பனி மறைத்ததும் அது இல்லை என்றே ஆகிவிட்டது அவருக்கு.

பொன்னையா கானுக்குள் குப்புற விழுந்து கோட்டைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டார். அசையாமல் கிடக்க வேண்டும், அதுதான் முறை. மேலே அலறல் கேட்டது. அந்த அலறலுக்குள் "அண்ணே" என்றும் கேட்டது. ஒரு தடவை இல்லை. குரல் கிட்டத்தில் வந்துகொண்டிருந்தது. தங்கச்சி அவரை நோக்கித்தான் ஓடி வந்திருக்கிறாள். எழுந்துபோய்க் கோட்டைப் போட்டு மூட வேண்டும் என்று மனசு சொன்னது. உடம்பு கேட்கவில்லை. மண்ணில் முகத்தைப் புதைத்தபடி கிடந்தார். பிறகு குரல் நின்றது.

சத்தம் ஓய்ந்து எழுந்து பார்த்தபோது பேச்சியம்மா பதினைந்து அடி தூரத்தில் கிடந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததில் பொன்னையா ஒன்றும் செய்யவில்லை. அதுதான் அவர் செய்தது. மேல் பாதையிலிருந்து கஜதீபன் ஓடி வந்து, தன் ஜாக்கெட்டைக் கழற்றி ஜெயந்தினியை மூடியிருந்தான். அவன் முகமெல்லாம் வீங்கியிருந்தது. கீழே கொழுந்து நிறுக்கிற மடுவத்திலிருந்து ஆம்பளைகள் ஏறி வந்தார்கள், முன்னால் பேச்சியம்மாவின் புருஷன் சின்னத்தம்பி. பெண்களில் யாரோ அழுதுகொண்டே சொன்னாள்:

"அந்த மிசினு கூட்டக் கெளப்பிவிட்ருச்சு. அண்ணேதான் சுட்டு விழுத்தாட்டினாங்க. இல்லாட்டி இன்னும் எத்தன பேரு செத்திருப்போமோ."

பொய் சொல்லவில்லை அவள். கண்ணை மூடிக்கொண்டு படங்குக்குள் இருந்தவளுக்கு எது முன்னே எது பின்னே என்று எப்படித் தெரியும்? கைதட்டியவர்களுக்கும் அந்த நாலைந்து நொடி அலறலில் கலைந்துபோயிருந்தது. பேச்சியம்மா பயந்ததும் அதைத்தானே. பயந்த மாதிரியே நடந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். "இல்லை, நான் சுட்ட பிறகுதான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொன்னையா வாயைத் திறப்பதற்குள் சின்னத்தம்பி கஜதீபனைச் சட்டையைப் பிடித்து இழுத்து, காதைப் பொத்தி ஓங்கி ஓர் அறை அறைந்தார். பையன் விழுந்தான். பிறகு மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வெறும் துவக்கோடு, மூன்று எட்டு தூரத்தில், பொன்னையா நின்றார். போதும் என்ற சொல்லும் வரவில்லை. அடித்து முடித்தவர்கள் ட்ரோனை மண்வெட்டியால் கொத்திப் போட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே பேச்சியம்மாவின் மூச்சு நின்றிருந்தது.

பொலிஸ் சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார், குளவி வந்தது வெடிக்குப் பிறகா, முன்னேயா என்று. "இஸ்ஸெல்லா" என்றார் பொன்னையா. மரண விசாரணை அதிகாரி தமிழில் கேட்டார். "முன்னாடிங்க" என்றார். ஒரே பொய்யை இரண்டு பாஷையில் சொன்னார். இரண்டிலும் ஒரே ஒரு சொல், அவ்வளவு சின்னச் சொல். தோட்டத்துத் துவக்கைப் பொலிசில் வாங்கி வைத்துக்கொண்டு, உயிரைக் காப்பாற்றச் சுட்டவர் என்று பொன்னையாவை விட்டுவிட்டார்கள். கஜதீபன் மேல் கவனயீனமாக இயக்கி மரணம் விளைவித்ததாக வழக்குப் போட்டார்கள். அவனுக்கு வேலை போயிற்று. மலை அளக்கிற வேலையும் அப்படியே நின்றது.

தோட்டத்தில் பொன்னையாவுக்கு வந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். கோயில் கமிட்டியில் மாலை போட வேண்டும் என்று பேசினார்கள். துக்க வீட்டில் போய் மாலையா என்று சொல்லித் தப்பித்தார். பதினாறாம் நாள் கருமாதியில் சின்னத்தம்பி எல்லோருக்கும் முன்னால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் மச்சான் மட்டும் இல்லைன்னா அன்னைக்கு இருவது பொணம் விழுந்திருக்கும்" என்று அழுதார். பொன்னையாவும் அழுதார். பார்த்தவர்கள் தங்கச்சிக்காக அழுகிறார் என்று நினைத்தார்கள். அதற்காகவும்தான்.

கருமாதிக்கு மறுநாள் ஒரு தடவை தனியாக அந்த மரத்தடிக்குப் போனார். குளவிகள் கூட்டை விட்டுப் போயிருந்தன. கீழே ஒரு கை அகலத்துக்கு மெழுகுத் துண்டு விழுந்து கிடந்தது. அதில் மூன்று ஓட்டை. மரத்தின் பட்டையில் குத்தி நின்ற சன்னங்களை எண்ண ஆரம்பித்து, பதினொன்றோடு நிறுத்திவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக எண்ணுவது அவருக்கு அருவருப்பாக இருந்தது.

மூன்று மாதம் அப்படியே போனது. ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கஜதீபன் வந்தான். தோட்டத்துக்குள் வர அவனுக்கு எவ்வளவு பயம் இருந்திருக்கும் என்று பொன்னையாவுக்குத் தெரியும். லயத்துப் பக்கம் வராமல், காட்டுப் பாதையால் சுற்றி அவர் வீட்டுப் பின்பக்கம் வந்து நின்றான். கையில் ஒரு பையில் ஆப்பிள் பழம்.

"ஐயா, என்னை ஞாபகம் இருக்கோ?"

"வாங்க தம்பி. உள்ள வாங்க. யாரும் பாத்துறப் போறாங்க."

உட்கார்ந்தான். பொன்னையாவின் மனைவி பூரணி பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, யாரென்று புரிந்ததும் உள்ளே போய்விட்டாள். பொன்னையா என்ன கேட்டாலும் பையன் வலது காதைத் திருப்பிக் கேட்டான். இடது காது ஜவ்வு கிழிந்துவிட்டது, அதில் இனிக் கேட்காது என்று டாக்டர் சொன்னாராம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நாற்காலியைத் தள்ளிப் போட வேண்டியிருந்ததால் சொன்னான்.

"வாற வியாழக்கிழமை வழக்கு ஐயா. லோயர் நிரபராதி எண்டு சொல்லச் சொல்லுறார். நான் குற்றவாளி எண்டு சொல்லலாம் எண்டு இருக்கிறன்."

"ஏன் தம்பி?"

"அந்த அம்மா செத்தது என்னாலதானே. நான் மரத்துக்குக் கிட்டப் போகேல்லை, அது சத்தியம். ஆனா சத்தத்துக்கு வந்திருக்கும்தானே. நான் திரையைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். திரை அணைஞ்சுது, பிறகு கத்திற சத்தம் கேட்டுது. எனக்கு முன்னுக்குப் பின்னுக்குத் தெரியாது. நீங்கள்தான் எல்லாத்தையும் கண்ட ஆள். நீங்கள் சொன்னதைத்தான் நானும் நம்புறன்."

பொன்னையா தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரவில நித்திரை வாறேல்லை ஐயா. அந்த அம்மான்ர வீட்டுக்காரரிட்ட மன்னிப்புக் கேக்கோணும். நேர போனா அடிப்பார். நீங்கள் எனக்காக ஒரு வார்த்தை சொல்லுவீங்களோ எண்டுதான் வந்தனான்."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் முதலில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று பொன்னையாவுக்குத் தோன்றிவிட்டது. அதுவும் ஒரு சாக்குத்தானோ என்னவோ. "சொல்றேன் தம்பி. நான் போயி சொல்றேன். நீங்க வியாழக்கிழம வரைக்கும் ஒன்னும் முடிவு பண்ணாதீங்க" என்று மட்டும் சொன்னார். பையன் எழுந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அந்தக் கையை அவர் இழுத்துக்கொள்ளவும் முடியாமல் நின்றார். பூரணி வேலியோரம் போய்ப் பாதையில் ஆள் இல்லை என்று பார்த்துச் சொன்ன பிறகு அவன் போனான்.

சின்னத்தம்பி லயத்துக்குக் கீழே தன் துண்டு நிலத்தில் லீக்ஸ் பாத்திக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். பொன்னையா வரப்பில் குந்தினார். வெயில் நன்றாக அடித்தது. எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்ததெல்லாம் மறந்துபோய், நேராகவே ஆரம்பித்தார்.

"மாப்ள, குளவி வந்தது நான் சுட்டதுக்கு அப்புறந்தான்."

சின்னத்தம்பி மண்வெட்டியை நிறுத்தவில்லை. "என்ன மச்சான் சொல்றீங்க?"

"ட்ரோனு ஒன்னும் பண்ணல. என் துவக்குல போன சன்னம், ட்ரோன்ல பட்டது நாலு. மிச்சமெல்லாம் பின்னால போயி கூட்டுல அடிச்சிருச்சு. பனியில நான் பாக்கல. பாக்கலங்கிறது என்ன, நெனைக்கவே இல்ல. எந்தங்கச்சிய நான்தான் கொன்னேன் மாப்ள. பொலிசுல பொய் சொன்னேன். ஒங்ககிட்டயும் சொன்னேன்."

மண்வெட்டி நின்றது. சின்னத்தம்பி அதைப் பாத்தியில் சாய்த்து வைத்தார். கோபம் வரும், அடிப்பார் என்று பொன்னையா எதிர்பார்த்தார். அடித்தால் கொஞ்சம் ஆறும் என்றுகூட நினைத்தார். சின்னத்தம்பி அடிக்கவில்லை. தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். மண் ஒட்டியிருந்தது. சாரத்தில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அந்தப் பொடியனுக்குக் காது போயிருச்சுன்னு சொன்னாங்களே."

"ஆமா. இடது காது. இன்னைக்கு வந்திருந்தான். ஒங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு."

"எங்கிட்டயா?"

"ஆமா."

கீழே ரோட்டில் ஹட்டனுக்குப் போகிற பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் திரும்பியது. அந்தப் பையன் அதில்தான் போய்க்கொண்டிருப்பான்.

"பேச்சி செத்ததுக்குக்கூட நான் ஒன்னும் சொல்ல மாட்டேன் மச்சான்" என்றார் கடைசியில். குரல் உயரவில்லை. "அவ கேட்டுக்கிட்டதாலதான் நீங்க சுட்டீங்க. எனக்குத் தெரியும், எங்கிட்ட வந்து சொல்லிச் சிரிச்சா. பனி மறைச்சிருச்சு. அது விதின்னு நான் இருந்துருவேன். ஆனா அவன நான் இந்தக் கையால அடிக்கிறப்ப நீங்க எங்க நின்னீங்க?"

பொன்னையா வரப்பிலிருந்து எழுந்தார்.

"பக்கத்துலதான்."

"பக்கத்துலதான்" என்று சின்னத்தம்பியும் சொன்னார். மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்தார். "வியாழக்கிழம காலையில மொத பஸ்ஸுல போவோம். ரெண்டு பேரும். நீங்க ஒங்களோடத கோர்ட்டுல ஐயாமாருகிட்ட சொல்லுங்க. நான் என்னோடத அந்தத் தம்பிகிட்ட சொல்றேன். வந்ததுக்கு அப்புறம் என் வீட்டுக்கு வராதீங்க மச்சான்."

அப்போதும் மரியாதை குறையாமல்தான் சொன்னார். சொல்லிவிட்டு வரப்பில் ஏறி லயத்தைப் பார்த்து நடந்தார். பொன்னையா பின்னாலேயே இரண்டு எட்டு போனார், பிறகு நின்றுவிட்டார்.